ஐம்பதைத் தாண்டி பேஸ் கிட்டார்: கம்பியை இழுவிசை பார்த்து வாங்குங்கள்

கீழ் ஒலிகளுக்கான நான்கு கம்பி வாத்தியமான பேஸ் கிட்டாருக்குக் கம்பி வாங்கப் போனால், எந்த பிராண்ட் வேண்டும் என்றுதான் கடையில் முதலில் கேட்பார்கள். அடுத்து, எவ்வளவுக்குள் வேண்டும் என்பார்கள். வயது என்ன, விரல் மூட்டுகள் எப்படி இருக்கின்றன, வீடு கொழும்பிலா கொட்டகலையிலா என்று எவரும் கேட்பதில்லை. ஐம்பதுக்குப் பிறகு இந்த வாத்தியத்தைக் கையில் எடுப்பவர் அந்த மூன்றையும் பார்த்துத்தான் கம்பி வாங்க வேண்டும். பிராண்ட் கடைசியில் வரட்டும்.

நான் தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் இயந்திரப் பராமரிப்பு வேலை பார்த்தவன். சேமலாப நிதி கைக்கு வந்ததும், கூரைத் தகரம் மாற்றியது போக மிஞ்சிய காசில் பழைய பேஸ் கிட்டார் ஒன்றை வாங்கினேன். வீட்டில் யாரும் தடுக்கவில்லை; அதற்குப் பதில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கிவிடுவேனோ என்ற பயம் அவர்களுக்கு இருந்தது. இப்போது தோட்டத்துக் கோவில் பஜனைக் குழுவில் ஆர்மோனியத்துக்கும் டோலக்குக்கும் இடையில் உட்கார்ந்து வாசிக்கிறேன். மேடைக் கச்சேரிக்குப் போகிற இளைஞருக்கு நான் சொல்வதில் பாதி பொருந்தாது. என்னைப் போன்றவருக்குப் பொருந்தும்.

காதும் கட்டையும்

வயதாகும்போது காது மேல் ஒலிகளில் இருந்துதான் மங்கத் தொடங்கும். இயந்திர இரைச்சலில் காலம் கழித்தவர்களுக்கு 4000 ஹெர்ட்ஸ் அளவில் கேட்கும் திறன் தனியாகக் குறைந்திருக்கும்; செவிப் பரிசோதனை வரைபடத்தில் அந்த இடத்தில் ஒரு பள்ளம் தெரியும். பேஸ் கிட்டாரின் நான்கு திறந்த கம்பிகளோ, அதாவது விரல் அழுத்தாத கம்பிகளோ, ஏறத்தாழ 41, 55, 73, 98 ஹெர்ட்ஸில் அதிர்கின்றன. காது இன்னும் நம் பக்கம் இருக்கிற இடம் அது. வயலின் கற்க ஆசைப்பட்டு, மேல் சுரங்கள் தெளிவாகக் கேட்காமல் கைவிட்டவர்கள் இந்தப் பக்கம் வரலாம்.

ஈ, ஏ, டி, ஜி என்று நான்கு கம்பிகளுக்கும் எழுத்துப் பெயர்கள் உண்டு. கோவிலிலும் கூத்திலும் வளர்ந்தவர்களுக்குச் சுருதியின் உயரத்தைச் சொல்லும் கட்டைக் கணக்குத்தான் கைவரும். தடித்த கம்பி மூன்று கட்டை, அடுத்தது ஆறு, அதற்கடுத்தது இரண்டு, மெல்லியது ஐந்து. கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கோடுகள்தான் ஃபிரெட். ஒவ்வொரு ஃபிரெட்டும் அரைச் சுரம். பாடுகிறவர் ஒன்றரைக் கட்டையில் எடுத்தால், ஆறு கட்டைக் கம்பியில் 4ஆவது ஃபிரெட்டை அழுத்துங்கள், அது சட்ஜம். அதே 4ஆவது ஃபிரெட்டை அதற்கு முந்தைய தடித்த கம்பியில் அழுத்தினால் கீழ்ப் பஞ்சமம். மெல்லிய பக்கத்துக் கம்பிக்கு நகர்ந்து அதே ஃபிரெட்டை அழுத்தினால் சுத்த மத்தியமம். எந்தச் சுருதிக்குப் போனாலும் இந்த வடிவம் மாறாது, கை மட்டும் இடம் மாறும். பெண்கள் ஐந்தரைக் கட்டையில் பாடினால் தடித்த கம்பியின் 4ஆவது ஃபிரெட் சட்ஜமாகிவிடும். பஞ்சமத்துக்கு அடுத்த கம்பியில் 6ஆவது ஃபிரெட். சட்ஜம், பஞ்சமம், மத்தியமம் மூன்றையும் தாளம் தவறாமல் வாசிக்கத் தெரிந்தால் பஜனைப் பாடல்களில் பெரும்பாலானவற்றைச் சமாளித்துவிடலாம்.

எந்தக் கிட்டார், எந்தக் கை

லியோ ஃபெண்டர் 1951இல் விற்பனைக்கு விட்ட பிரிசிஷன் பேஸில் கம்பியின் நீளம், அதாவது கழுத்தின் மேல் முனையில் கம்பி தங்கும் நட்டில் இருந்து, உடலில் கம்பி தங்கும் பிரிட்ஜ் வரையிலான தூரம், 34 அங்குலம். இன்றும் பெரும்பாலான பேஸ்கள் அதே அளவுதான். 30 அங்குல அளவிலும் கிடைக்கும். அதைக் குட்டை ஸ்கேல் என்பார்கள். 34 அங்குலத்தில் முதல் ஃபிரெட்டின் அகலம் 48 மில்லிமீற்றருக்கு மேல். 30 அங்குலத்தில் அது 43க்குக் கிட்ட வந்துவிடும். இளம் கைக்கு இந்த ஐந்து மில்லிமீற்றர் ஒன்றுமில்லை. மூட்டு வலி உள்ளவருக்கு இதுதான் வாசிப்பதா வேண்டாமா என்பதை முடிவு செய்யும். கைக்கு எட்டுமானால் குட்டை ஸ்கேலைத் தேடிப் பாருங்கள். அது விளையாட்டுச் சாமான் என்று கடையில் சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

நீண்ட ஸ்கேல்தான் அமைந்தது என்றால் விரலை மாற்றிப் பிடிக்க வேண்டும். நான்கு விரலுக்கு நான்கு ஃபிரெட் என்று கைநூல்களில் இருக்கும். அதைக் கீழ் ஃபிரெட்டுகளில் கட்டாயப்படுத்தாதீர்கள். நின்று வாசிக்கும் பெரிய வாத்தியமான இரட்டை பேஸ் வாசிப்பவர்கள் சிமாண்டல் முறை என்று ஒன்றைப் பின்பற்றுகிறார்கள்: ஆள்காட்டி, நடுவிரல், சுண்டுவிரல் ஆகிய மூன்றும் மூன்று ஃபிரெட்டுக்கு, மோதிர விரல் சுண்டுவிரலுக்குத் துணையாக அழுத்தும். 5ஆவது ஃபிரெட்டைத் தாண்டிய பிறகு வேண்டுமானால் நான்கு விரலுக்கு மாறலாம். மணிக்கட்டை மடக்காமல் நேராக வைத்திருங்கள். உட்கார்ந்து வாசித்தாலும் அகலமான தோள்பட்டியை மாட்டிக்கொள்ளுங்கள். நான்கு கிலோவை ஒட்டிய எடை தொடையில் மட்டும் இறங்கினால் முதுகு கோணிவிடும்.

மார்கழி விடியற்காலைப் பஜனைக்கு முன் கையை வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் வைத்திருப்பது நல்லது. கால் மணி நேரம் வாசித்தால் ஓய்வு கொடுங்கள். விரல் நுனியில் வரும் எரிச்சல் தோல் காய்த்ததும் போய்விடும். மரத்துப்போதலும் ஊசி குத்துவது போன்ற உணர்வும் வேறு. அவை வந்தால் கிட்டாரை வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

இழுவிசை

ஒரு கம்பி எவ்வளவு இறுக்கமாக இழுத்துக்கொண்டு நிற்கிறது என்பதை மூன்று விடயங்கள் தீர்மானிக்கின்றன: ஓர் அங்குலக் கம்பியின் எடை, நட்டுக்கும் பிரிட்ஜுக்கும் இடையிலான நீளம், சுருதி. நீளமும் சுருதியும் வர்க்கக் கணக்கில் வேலை செய்கின்றன. அதனால் 34இல் இருந்து 30 அங்குலத்துக்கு இறங்கினால், அதே கம்பி அதே சுருதியில் 22 சதவீதம் தளர்வாக இருக்கும். நான்கு கம்பிகளையும் அரைச் சுரம் கீழிறக்கினால் 11 சதவீதம் குறையும். ஒரு காசும் செலவில்லாமல் கிடைக்கும் தளர்வு அது. பஜனைக் குழுவில் ஏற்கெனவே அரைக் கட்டைச் சுருதிகளில் பாடுகிறவர்கள் இருந்தால் இன்னும் வசதி. ஒன்றரையும் ஐந்தரையும் திறந்த கம்பிகளாகவே கிடைத்துவிடும் வகையில் இறக்கிக்கொள்ளலாம். டி கம்பியை அரைச் சுரம் இறக்கினால் ஒன்றரைக் கட்டை. ஏ கம்பியை அப்படி இறக்கினால் ஐந்தரை.

உறையின் மேல் 45–105, 40–100 என்று எண்கள் இருக்கும். மெல்லிய கம்பியும் தடித்த கம்பியும் அங்குலத்தில் எத்தனை ஆயிரத்தில் ஒரு பங்கு தடிப்பு என்பதே அந்த எண்கள். 45–105 நடுத்தரம். அந்த அளவில் நான்கு கம்பிகளும் சேர்ந்து கழுத்தை 75 கிலோவுக்கு மேல் இழுக்கின்றன. 40–100, 40–95 ஆகியவை மெல்லிய தொகுதிகள். புதிதாகத் தொடங்கும் மூத்தவர் இங்கேதான் தொடங்க வேண்டும். இடது கையின் களைப்பில் பெரும்பகுதி இதிலேயே குறைந்துவிடும்.

தடிப்பு எண்ணை மட்டும் நம்பவும் கூடாது. ஒரே தடிப்புள்ள இரண்டு கம்பிகள் வேறு வேறு எடையில் இருக்கலாம். தட்டை நாடாவால் இடைவெளியின்றிச் சுற்றப்பட்ட கம்பி, உருண்டைக் கம்பி சுற்றியதைவிடப் பெரும்பாலும் கனமாகவும் இறுக்கமாகவும் இருக்கும். ஆஸ்திரியாவின் தோமாஸ்டிக் இன்ஃபெல்ட் நிறுவனத்தின் ஜாஸ் ஃப்ளாட் இதற்கு விதிவிலக்கு. 43–100 அளவுள்ள அந்தத் தொகுதி குறைந்த இழுவிசைக்கே பெயர் பெற்றது. டி'அடாரியோ போன்ற நிறுவனங்கள் ஒவ்வொரு கம்பிக்கும் எத்தனை பவுண்ட் இழுவிசை என்பதை வெளியிடுகின்றன. வாங்கும் முன் அந்த எண்ணைத் தேடிப் படியுங்கள். 2.2 பவுண்ட் ஒரு கிலோ. நடுத்தரத் தொகுதியில் ஒரு கம்பி 40, 50 பவுண்ட் என்று போகும். 35ஐ ஒட்டி நின்றால் கைக்கு இதம்.

தளர்வாக இருந்தால் போதும் என்று ஒரேயடியாக இறங்கிவிடவும் வேண்டாம். இழுவிசை இயந்திர பெல்ட் மாதிரி: கூடினால் பேரிங் தேயும், குறைந்தால் நழுவும். மிகவும் தளர்ந்த கம்பி அடிக்கும்போது அகலமாக ஆடி ஃபிரெட்டில் மோதிச் சலசலக்கும்; விரலால் தொட்டதும் சுருதி ஏறி இறங்கும். அதைத் திருத்தப் பிரிட்ஜை உயர்த்தினால், அழுத்துவதற்கு மறுபடியும் அதே பலம் தேவைப்படும்.

சுற்றியிருக்கும் விதம்

ரவுண்ட்வவுண்ட் கம்பியில், நடுக்கம்பியைச் சுற்றி உருண்டைக் கம்பி சுற்றியிருக்கும். தொட்டால் சொரசொரப்பு, அடித்தால் பளிச்சென்ற ஓசை. அந்தப் பளிச்சென்ற ஓசையை இங்கிலாந்தின் ரோட்டோசவுண்ட் நிறுவனம் 1960களில் தி ஹூ இசைக்குழுவின் பேஸ் கலைஞர் ஜான் என்ட்விஸ்லுடன் சேர்ந்து பிரபலமாக்கியது. எனக்கு அந்த ஓசையில் பாதி கேட்காது. அது மேல் அதிர்வுகளில் இருக்கிறது. கேட்காத ஒன்றுக்காக இன்னும் பலமாக அடிக்கத் தோன்றும், கையும் வலிக்கும். மலையில் இன்னொரு சங்கடமும் உண்டு. சுற்றுகளின் இடுக்கில் வியர்வையும் தோல் துகளும் தங்கும். ஈரக் காற்று மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் எங்கள் பக்கத்தில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வருகிறது. நிக்கல் பூசிய கம்பி அந்த மாதங்களில் சீக்கிரம் மந்தமாகி, தொடும்போது மணல் போலாகிவிடும். துருப்பிடிக்காத எஃகுக் கம்பி ஈரத்தைத் தாங்கும். ஆனால் அது கடினமானது, ஃபிரெட்டுகளை விரைவாகத் தேய்க்கும். எலிக்சர் போன்ற மேற்பூச்சுள்ள கம்பிகள் நீடித்து உழைக்கும், விலையும் அதற்கேற்ப.

ஃப்ளாட்வவுண்டில் வெளிச்சுற்று தட்டை நாடா. வழுவழுப்பாக இருக்கும், விரல் சறுக்கும்போது கீச்சொலி எழாது. ஓசை மங்கலாகவும் உருண்டையாகவும் இருக்கும். டோலக்கின் இடப்பக்கத்தோடும் மிருதங்கத்தின் தொப்பியோடும் நன்றாக ஒத்துப்போகும். ஈரம் தங்க இடுக்கு இல்லாததால் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். ரவுண்ட்வவுண்டைவிட ஏறத்தாழ இரட்டிப்பு விலை என்று யோசிப்பவர்கள், ஹட்டனில் இருந்தோ தலவாக்கலையில் இருந்தோ கம்பி வாங்கக் கண்டிக்கோ கொழும்புக்கோ போக வேண்டிய பஸ் கட்டணத்தையும் கூட்டிப் பார்க்கட்டும். என் தேர்வு ஃப்ளாட்வவுண்ட்தான், அதிலும் இழுவிசை குறைந்தது.

அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் மோட்டவுன் இசை நிறுவனத்தின் ஒலிப்பதிவுகளில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனைப் பற்றி அறிந்தவர்கள் இங்கே அவரை இழுப்பார்கள். 1962ஆம் ஆண்டின் பிரிசிஷன் பேஸில் லா பெல்லா ஃப்ளாட்வவுண்ட் மாட்டி, கம்பியை மாற்றாமலே வைத்திருந்ததற்குப் பேர் போனவர் அவர். ஆனால் அவருடைய தொகுதி 52 முதல் 110 வரை. மிகவும் தடித்தது, மிகவும் இறுக்கமானது. அதைப் பார்த்து வாங்க வேண்டாம். அவரிடம் நாம் எடுத்துக்கொள்ளக்கூடியது வலது கைதான். பெரும்பாலும் ஓர் ஆள்காட்டி விரலால் மட்டுமே அத்தனையையும் வாசித்தார். இரண்டு விரலை மாற்றி மாற்றி அடிக்க வரவில்லை என்று மனம் தளரும் மூத்தவர்கள் இதை நினைவில் வைக்கலாம். பிரிட்ஜ் மூடிக்குள் ஸ்பஞ்சு வைத்துக் கம்பியின் நீட்டொலியை அடக்கியதும் அவர் பழக்கம். பாத்திரம் தேய்க்கும் ஸ்பஞ்சில் ஒரு புதுத் துண்டை வெட்டி, பிரிட்ஜுக்கு அருகே கம்பிகளுக்கு அடியில் செருகிப் பாருங்கள். பஜனைக்கு மிகப் பொருத்தமான ஓசை வரும்.

நைலான் நாடா சுற்றிய டேப்வவுண்ட் கம்பியும் உண்டு. தொட மென்மையானது, துருவுக்குக் கவலையில்லை. தடிப்பு அதிகம் என்பதால் நட்டின் பள்ளத்தில் உட்காராமல் போகலாம்.

மாட்டும்போது

கம்பி உங்கள் ஸ்கேலுக்கு உரியதா என்று உறையில் பாருங்கள். 34 அங்குலக் கம்பியைக் குட்டை ஸ்கேலில் மாட்டினால், மெலிந்த நுனிக்குப் பதிலாகத் தடித்த பகுதியே சுருதி சேர்க்கும் முளையில் சுற்ற வேண்டிவரும். ஃப்ளாட்வவுண்ட் அந்த வளைவைத் தாங்காமல் நாடா பிரிந்துவிடும், சில சமயம் உடைந்தே போகும். எதிர்ப்புறத்தில், நீளம் போதாத கம்பியில் பட்டுநூல் சுற்றிய பகுதி நட்டின் மேல் வந்து உட்கார்ந்தால் ஓசை செத்துவிடும்.

ஒவ்வொன்றாக மாற்றுங்கள், நான்கையும் ஒரே நேரத்தில் கழற்றினால் கழுத்தின் மேலிருந்த இழுவிசை முழுவதும் போய்விடும். புதுக் கம்பியை முளையைத் தாண்டி ஏறத்தாழ இரண்டு முளைத் தூரம் விட்டு, அந்த இடத்தில் முதலில் செங்குத்தாக மடக்குங்கள். மடக்கிய பிறகே வெட்ட வேண்டும். மடக்காமல் வெட்டினால் வெளிச்சுற்று உள்ளே தளர்ந்து, அந்தக் கம்பி என்றைக்கும் உயிரோடு ஒலிக்காது. நுனியை முளையின் நடுத்துளையில் செருகி, சுற்றுகள் மேலிருந்து கீழாக இறங்கும்படி சுற்றுங்கள். இரண்டு அல்லது மூன்று சுற்றுப் போதும். சுருதி சேர்த்த பின், நட்டுக்கு முன்னாலும் பிரிட்ஜுக்கு முன்னாலும் கம்பியைக் கட்டைவிரலால் லேசாக அழுத்துங்கள். கம்பி வளைந்து நிற்கும் இடம் நேராகி, ஓசையும் சுருதியும் நிலைப்படும்.

கைப்பேசி ஒலிபெருக்கியை நம்பிச் சுருதி சேர்க்க முடியாது; 41 ஹெர்ட்ஸ் அதில் வரவே வராது. கிட்டாரின் தலைப்பகுதியில் கவ்வும், சுருதி காட்டும் டியூனர் வாங்குங்கள். அதுவும் தடித்த கம்பியில் தடுமாறினால் 12ஆவது ஃபிரெட்டுக்கு நேர் மேலே கம்பியை அழுத்தாமல் தொட்டு மீட்டுங்கள். மேல் ஸ்தாயி ஒலி வரும், டியூனர் உடனே பிடித்துக்கொள்ளும்.

வீட்டில் பயிற்சிக்கு ஹெட்ஃபோன். தோட்டத்து லயன் வீட்டில் ஒரு சுவருக்கு அப்பால் அடுத்த குடும்பம் இருக்கிறது. பேச்சொலியைத் தடுக்கிற சுவர்கூடக் கீழ் ஒலியைத் தடுக்காது.

கழுத்தும் பருவமும்

இறுக்கமான கம்பியில் இருந்து தளர்வான கம்பிக்கு மாறினால் கழுத்து பின்னுக்கு நிமிரும், கம்பி முதல் ஃபிரெட்டுகளில் சலசலக்கும். கம்பி மோசம் என்று திருப்பிக் கொடுக்க ஓடாதீர்கள். கழுத்துக்குள் ட்ரஸ் ராட் என்ற இரும்புத் தண்டு இருக்கிறது. அதைச் சிறிது தளர்த்த வேண்டும். முதல் ஃபிரெட்டில் கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வியான கேப்போவைப் போட்டு, தடித்த கம்பியைக் கடைசி ஃபிரெட்டில் அழுத்திக்கொண்டு, 8ஆவது ஃபிரெட்டில் கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் இடையே, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகட்டைச் செருகிப் பாருங்கள். மெக்கானிக் வீடுகளில் அந்தத் தகடு கட்டாயம் இருக்கும். 0.3 மில்லிமீற்றரை ஒட்டி இருந்தால் சரி. கூடுதலாக இருந்தால் தண்டை வலஞ்சுழியாக இறுக்குங்கள், குறைந்தால் இடஞ்சுழியாகத் தளர்த்துங்கள். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். மறுநாள் மறுபடி அளந்து பாருங்கள். மரம் மெதுவாகத்தான் இடம் மாறும். அதன் பிறகே பிரிட்ஜில் கம்பியின் உயரத்தைத் தொடுங்கள்: 17ஆவது ஃபிரெட்டில் தடித்த கம்பிக்கு 2.4 மில்லிமீற்றர், மெல்லிய கம்பிக்கு 2.

கிட்டார்கள் 45 முதல் 55 சதவீத ஈரப்பதத்தில் இருந்தால் நல்லது என்று தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் மழைக் காலத்தில் அந்த எண் கனவு. ஆகவே வெளிச்சுவரில் மாட்டி வைக்காமல், உறைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு உள்ளறையில் வையுங்கள். ஈரம் போகட்டும் என்று அடுப்பங்கரையில் வைப்பவர்களும் இருக்கிறார்கள். மரம் ஒரு பக்கம் மட்டும் காய்ந்து முறுக்கிக்கொள்ளும். ஆண்டுக்கு இரண்டு தடவை கழுத்தை அளப்பது போதும். எங்கள் டிம்புளப் பக்கத்துக்கு அது ஜனவரி வறட்சியிலும் ஜூன் மழையிலும். பண்டாரவளை, பதுளைக்காரர்களுக்கு நேர்மாறு: ஜூலையில் இருந்து செப்டெம்பர் வரை அங்கே காய்ந்த காற்று வீசும், ஊவாத் தேயிலைக்குப் பேர் வாங்கிக் கொடுக்கிற காற்று. அங்கே வாங்கிய பழைய கிட்டாரை இந்தப் பக்கம் கொண்டுவந்தால், ஒரு வாரம் பழகவிட்ட பிறகு அளவெடுங்கள்.

குளிரில் எஃகு சுருங்கும், சுருதி ஏறும். வீட்டில் சேர்த்த சுருதி கோவில் மண்டபத்தில் நிற்காது. போனதும் உறையைத் திறந்து வைத்துவிட்டு, ஆர்மோனியக்காரர் வந்து உட்காரும்வரை பேசிக்கொண்டிருங்கள். கம்பி அந்த இடத்தின் குளிருக்கு வந்த பிறகு சேருங்கள். இரண்டு பாட்டு வாசித்ததும் விரல் சூட்டில் கொஞ்சம் இறங்கும், அப்போது இன்னொரு முறை.

ஒவ்வொரு நாளும் வாசித்து முடித்தபின் உலர்ந்த பருத்தித் துணியால் கம்பியின் மேற்புறத்தையும் அடிப்புறத்தையும் துடையுங்கள். கழற்றிய பழைய கம்பிகளைச் சுருட்டி உறையில் போட்டு வையுங்கள். பேஸ் கம்பி அறுவது அரிது. அறுந்தால் அது திருவிழா நாளில்தான் அறும், அன்றைக்குக் கொழும்பிலிருந்து கூரியர் வராது.